ராடிம் ஹ்லாடீக்கின் ஊரில்: பிராக் நாட்குறிப்பு

7 அக்டோபர் 2024, திங்கள்

டிரெஸ்டனிலிருந்து கிளம்பும்போது வெயில். எல்லை தாண்டியதும் தூறல், செக் தலைநகர் பிராக் வந்து சேரும்போது நல்ல மழை. பேருந்து நிலையத்திலிருந்து ஷிஷ்கோவ் மேட்டில் ஏறுவதற்குள் காற்று குடையை மடக்கி, இரண்டு கம்பிகளை ஒடித்துவிட்டது. எதிரே வந்த பையன் ஒருவன் நின்று, தன் குடையை என் தலைக்கு மேல் பிடித்தபடி நான் தங்கவேண்டிய கட்டடம்வரை வந்துவிட்டுப் போனான். பெயரும் கேட்கவில்லை, எந்த ஊர் என்றும் கேட்கவில்லை.

அறை வாடகைக்கு விட்டிருக்கும் அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொன்னார். கழற்றியதும் வீட்டுக்குள் போட்டுக்கொள்ள ஒரு ஜோடி துணிச்செருப்பு தந்தார். இங்கே எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கமாம். என் ஈரக் கோட்டைப் பார்த்துவிட்டு, கேட்காமலே ஒரு கிண்ணம் பூண்டு சூப் கொண்டுவந்து வைத்தார். செஸ்னெச்கா என்று பெயர். தெளிவான குழம்பு, அடியில் உருளைக்கிழங்கு, மேலே வறுத்த ரொட்டித் துண்டுகளும் துருவிய பாலாடைக்கட்டியும். பூண்டு தாராளம். சீரகமும் போட்டிருந்தார்கள். முதல் வாயிலேயே மூக்கு திறந்துகொண்டது.

எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஒரு கித்தார்க்காரருக்காக என்றேன். "பாவ்லீச்செக்கா?" என்றார் உடனே. மிஹால் பாவ்லீச்செக்கும் பெரிய ஆள்தான். பிராஷ்ஸ்கீ வீபியெர் என்ற ராக் குழுவோடு 1980களில் தடைபட்டு, பிறகு மீண்டு வந்தவர். 1991இல் சோவியத் படைகள் நாட்டைவிட்டுப் போனதைக் கொண்டாடிய கச்சேரியில் அந்தக் குழுவோடு மேடையேறி வாசித்தவர் அமெரிக்க ராக் கலைஞர் ஃப்ராங்க் ஸப்பா. ஆனால் நான் வந்தது ராடிம் ஹ்லாடீக்குக்காக. பெயரைச் சொன்னதும் அந்த அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அவர் எங்கள் காலத்து ஆள்" என்றார்.

கிழக்கு ஜெர்மனியில் வளர்ந்த அலுவலக நண்பர் ஒருவர்தான் எனக்கு ஹ்லாடீக்கை அறிமுகப்படுத்தியவர். அந்தக் காலத்தில் அங்கிருந்த இளைஞர்கள் நல்ல இசைத்தட்டு வேண்டுமென்றால் பிராகுக்குத்தான் வருவார்களாம். அவர் போட்டுக்காட்டியது 'நோவா சிந்தேசா'. 1971இல் வந்த தட்டு. ஒரு முழு ஜாஸ் வாத்தியக் குழு ஒரு பக்கம், ஒரு ராக் குழு இன்னொரு பக்கம், நடுவில் ஒரு மின்கித்தார். பாட்டு என்று ஒரு வரிகூடக் கிடையாது. அன்றிரவு அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். 1946 டிசம்பர் 13இல் பிராகில் பிறந்து, கடைசிவரை இந்த ஊரை விட்டுப்போகாமல் வாசித்த மனிதர் இவர். அந்த ஊரின் தெருக்களில் கொஞ்சம் நடக்கவேண்டும் என்றிருந்தது.

8 அக்டோபர், செவ்வாய்

காலையில் மழை இல்லை. வீட்டு அம்மா தன் பழைய குடையைக் கையில் திணித்து அனுப்பினார். டிராமில் 30 நிமிடச் சீட்டு 30 கொருனா, நம் கணக்கில் நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். ஏறியதும் ஒரு முதியவர் வர, மூன்று பேர் ஒரே சமயத்தில் எழுந்து இடம் கொடுத்தார்கள். டிராமுக்குள் பேச்சுச் சத்தமே இல்லை. கைப்பேசியில் பேசுகிறவர்கள்கூட வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிறார்கள்.

முதலில் லூட்செர்னா. வாட்ஸ்லாவ் சதுக்கத்தை ஒட்டியுள்ள தெருவில் நுழைந்தால், கடைகளும் திரையரங்கும் கொண்ட பழைய மூடுவழி ஒன்று வரும். அங்கே கூரையிலிருந்து ஒரு குதிரை தலைகீழாகத் தொங்குகிறது. நாக்கு வெளியே தள்ளியிருக்க, அதன் வயிற்றின்மேல் புனித வாட்ஸ்லாவ் அமர்ந்திருக்கிறார். டேவிட் செர்னீ செய்த சிற்பம். சுற்றுலாக் கூட்டம் அதைப் படமெடுத்துவிட்டு அப்படியே போய்விடுகிறது. நான் வந்தது அதே கட்டடத்தில் தரைமட்டத்துக்குக் கீழே இருக்கும் பெரிய அரங்கத்துக்காக. பின்னாளில் நாட்டின் அதிபரான வாட்ஸ்லாவ் ஹாவெலின் தாத்தா கட்டிய மாளிகை இது. 1965இல் லூயி ஆம்ஸ்ட்ராங் வாசித்த அரங்கம். 1967 டிசம்பரில் முதல் செக்கோஸ்லோவாக் பீட் (ராக் இசை) திருவிழாவும், அடுத்த டிசம்பரில் இரண்டாவதும் நடந்தது இங்கேதான்.

அரங்கத்தில் இரவு ஏதோ நடன விழாவுக்கு நாற்காலிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்கள். கதவருகே நின்ற ஊழியரிடம், "ஒரு நிமிடம் எட்டிப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். எதற்கு என்று கேட்டார், சொன்னேன். ஐந்து நிமிடம் இருந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். மூன்று பக்கமும் மாடங்கள், பளிங்குத் தூண்கள், மேடை நான் நினைத்ததைவிடச் சின்னது. மேடைக்கும் முதல் வரிசைக்கும் இடையில் ஆறேழு அடிதான் இருக்கும். அங்கே வாசித்த கித்தார்க்காரரின் விரல்களை முன்வரிசை ரசிகர்கள் எண்ணியே பார்த்திருக்கலாம்.

அந்த இரண்டு திருவிழாக்களுக்கும் இடையில் இந்த நாட்டுக்கு நடந்தது என்னவென்று நினைத்துக்கொண்டு அங்கே நின்றேன். ஹ்லாடீக் அப்போது இருபதைக் கடந்த இளைஞர். தி மாடடார்ஸ் குழுவின் கித்தார்க்காரர். ஆங்கிலத்தில் பாடிய குழு அது. பிரிட்டிஷ் குழுக்களுக்கு ஈடாக முரட்டுத்தனமாக வாசிப்பார்கள். 1968இல் சுப்ராஃபோன் இசைத்தட்டு நிறுவனம் அவர்களுடைய ஒரே நெடுந்தட்டை வெளியிட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 21இல் சோவியத் தலைமையிலான வார்சா ஒப்பந்த நாடுகளின் டாங்கிகள் பிராகுக்குள் வந்தன. மாடடார்ஸ் குழுவினர் மேற்கு ஜெர்மனிக்குப் போய்விட்டார்கள். ஹ்லாடீக் போகவில்லை. அந்த இலையுதிர் காலத்திலேயே, பாடகர் விளாடிமீர் மிஷீக்கோடு சேர்ந்து ப்ளூ எஃபெக்ட் என்ற குழுவைத் தொடங்கினார். டிசம்பரில் இதே மேடையில் ஏறினார். டாங்கிகள் வந்து நான்கு மாதம் ஆன நேரம் அது.

வெளியே வந்து சதுக்கத்தில் மேல்நோக்கி நடந்தேன். தேசிய அருங்காட்சியகத்தின் முகப்பில் 1968இல் பாய்ந்த தோட்டாக்களின் தடம் சிலவற்றைப் புதுப்பிக்கும்போது வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறார்கள். தூண்களில் வெளிர் புள்ளிகளாகத் தெரிகிறது. அதன் முன்னால் நடைபாதையில், தரையிலிருந்து பிதுங்கி எழுவதுபோல் ஒரு வெண்கலச் சிலுவை. 1969 ஜனவரியில் யான் பாலாஹ் என்ற மாணவர் தன்னைத் தீயிட்டுக்கொண்ட இடம் அது. பூக்கள் வாடாமல் இருந்தன. யாரோ அன்றுதான் வைத்திருக்கவேண்டும்.

இன்னும் சற்று மேலே போனால் வானொலிக் கட்டடம். படையெடுப்பு நாளில் மக்கள் வெறுங்கையோடு டாங்கிகளை மறித்து நின்றது இந்த வாசலில்தான். பலர் செத்துப்போனார்கள். சுவரில் நினைவுக்கல் இருக்கிறது. மூன்றே ஆண்டு கழித்து, இதே வானொலியின் ஜாஸ் வாத்தியக் குழு காமில் ஹாலா தலைமையில் ஹ்லாடீக்கின் குழுவோடு சேர்ந்து 'நோவா சிந்தேசா'வை வாசித்தது. கட்டடத்தை அண்ணாந்து பார்த்தபடி, காதில் அந்தத் தட்டின் முதல் உருப்படியைப் போட்டேன். பித்தளைக் கருவிகள் ஒன்றாகச் சேர்ந்து இறங்குகின்றன. அவற்றுக்கு நடுவே கித்தார் வளைந்து வளைந்து தன் வழியைக் கண்டுபிடித்துப் போகிறது. டிரெஸ்டனில் கேட்டபோது வெறும் துள்ளலாகத் தெரிந்த இடங்கள், இங்கே நின்று கேட்கையில் கோபமாகக் கேட்டன.

மதியம் ஒரு சின்ன உணவகத்தில் ஸ்விச்கோவா. வேகவைத்த மாட்டிறைச்சித் துண்டுகள்மேல் கேரட்டையும் மற்ற கிழங்குகளையும் அரைத்த பாலேட்டுக் குழம்பு, பக்கத்தில் ஆவியில் வெந்த ரொட்டி உருண்டையை வெட்டி அடுக்கிய துண்டுகள், ஒரு கரண்டி புளிப்புப் பழக்கூழ். 225 கொருனா. குழம்பில் இனிப்பும் புளிப்பும் கலந்திருக்கிறது. எனக்குப் பிடித்திருந்தது. பரிமாறுகிறவர் சிரிக்கவே இல்லை. ஆனால் நான் குழம்பை வழித்துச் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, கேட்காமலே இன்னும் இரண்டு துண்டு வைத்துவிட்டுப் போனார். அதற்குக் காசும் போடவில்லை.

9 அக்டோபர், புதன்

இன்று பழைய இசைத்தட்டுக் கடைகள். காலையிலிருந்து மழை, கூடவே தொண்டையில் கரகரப்பு. மூன்றாவதாகப் போன கடையில்தான் தேடியது கிடைத்தது. படியிறங்கிப் போகவேண்டிய நிலவறைக் கடை. பழைய அட்டை வாசனை. வரிசையாக மரப்பெட்டிகள். கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். ஹ்லாடீக் என்றதும் மூன்று இடங்களிலிருந்து தட்டுகளை எடுத்துவந்து மேசைமேல் பரப்பினார்.

ஒரே குழுவின் தட்டுகளை ஏன் மூன்று இடத்தில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். அட்டைகளைப் பாருங்கள் என்றார். 1970இல் வந்த முதல் தட்டு 'மெடிடாட்செ'யில் குழுவின் பெயர் ப்ளூ எஃபெக்ட். செக் மொழிப் பாடல்களும் ஆங்கிலப் பாடல்களும் அதில் கலந்திருக்கின்றன. அப்புறம் வந்த தட்டுகளில் மோட்ரீ எஃபெக்ட். 1977இல் எம். எஃபெக்ட். "அகரவரிசையில் அடுக்கினால் இவர்கள் மூன்று குழு" என்றார். ஆங்கிலப் பெயரே கூடாது என்று அதிகாரத்தில் இருந்த கம்யூனிஸ்டுகள் பார்த்துக்கொண்டார்கள். முதலில் நீலம் செக் மொழிக்கு மாறியது, பிறகு ஓர் எழுத்தாகவே சுருங்கிப்போனது.

பெயர் மாற்றம் வெளியே தெரிந்த கதை. உள்ளே நடந்தது இன்னும் கடுமையானது. 1970களின் முற்பகுதியில் தொழில்முறை இசைக்கலைஞர்கள் எல்லோரும் அரசின் குழுமுன் போய் மறுபடியும் தேர்வு எழுதித் தேறவேண்டும் என்றாகிவிட்டது. வாசித்துக் காட்டவேண்டும், அரசியல் கேள்விகளுக்குப் பதில் சொல்லவேண்டும். தேறாதவர்களுக்கு மேடை கிடையாது. பாட்டின் ஒவ்வொரு வரியையும் யாராவது ஒருவர் சந்தேகத்தோடு படிப்பார். அதற்கு முன்பே, 1970இல், மிஷீக் குழுவைவிட்டு ஃப்ளாமெங்கோ என்ற இன்னொரு குழுவுக்குப் போய்விட்டார். பாடகரும் இல்லை, பாட்டுவரிகளுக்கும் வேளை சரியில்லை. அந்த நெருக்கடியில்தான் ஹ்லாடீக்கின் கித்தார் முழுசாக வாய்திறந்தது என்று நான் நம்புகிறேன். மார்டின் கிராடோக்வீலின் ஜாஸ் கியூ குழுவோடு சேர்ந்து செய்த 'கோனியுங்க்சியோ' 1970. முதல் உருப்படியே இருபது நிமிடத்தை ஒட்டிப் போகும். அதில் யிர்ஷீ ஸ்டிவீனின் புல்லாங்குழலும் இருக்கிறது. அடுத்த ஆண்டு 'நோவா சிந்தேசா'. வரிகள் இருந்தால்தானே வெட்டுவதற்கு?

இதைக் கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, பெட்டிகளைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தலையைத் தூக்கினார். கம்பளித் தொப்பி, நல்ல ஆங்கிலம்.

"அழகாகச் சொல்கிறீர்கள். ஆனால் பிளாஸ்டிக் பீப்பிள் அந்தத் தேர்வு நாடகத்துக்கெல்லாம் தலைகுனியவில்லை. உரிமம் போனது, சிறைக்கும் போனார்கள். ஹ்லாடீக் தேர்வு எழுதினார், தட்டு போட்டார்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அரசுக்கு அடங்காத ராக் குழுவான பிளாஸ்டிக் பீப்பிள் குழுவினரையும் அவர்களுடைய நண்பர்களையும் 1976இல் நீதிமன்றத்தில் நிறுத்தி, நான்கு பேருக்குத் தண்டனை கொடுத்தார்கள். அதையொட்டி எழுந்ததுதான் 1977 ஜனவரியில் வெளிவந்த உரிமைச் சாசனம், 'சார்ட்டர் 77'. அந்தத் துணிச்சல் எனக்கும் பெரிதுதான். ஆனால் அந்த வழியில் போகாதவர்கள் எல்லோரும் விலைபோனவர்கள் என்று எப்படிச் சொல்வது? இருபது வயதில் ஒரு சின்ன ஊரில் இருந்தவருக்கு, பக்கத்துக் கலாசார மண்டபத்துக்கு ஹ்லாடீக் வந்து வாசித்த அந்த ஒரு மாலைதானே கிடைத்திருக்கும்? அதை நான் பெரியவரிடம் சொன்னேன். அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் தட்டைப் புரட்டிக்கொண்டிருந்துவிட்டு, "நானும் அப்படி ஒரு மண்டபத்தில் இருந்தேன், பார்டுபிட்செயில்" என்றார். "அதனால்தான் கோபம் வருகிறது. அவ்வளவு நன்றாக வாசித்தவர், இன்னும் உரக்கச் சொல்லியிருக்கலாமே என்று."

கடைக்காரர் ஒன்றும் பேசாமல் 1975 தட்டைப் போட்டுவிட்டார். 'மோட்ரீ எஃபெக்ட் அண்ட் ராடிம் ஹ்லாடீக்'. அட்டையிலேயே கித்தார்க்காரரின் பெயரைத் தனியாகப் போடுகிற அளவுக்கு அப்போது அவர் பெயர் வளர்ந்திருந்தது. லெஷெக் செமெல்கா பாடும் 'போட்டி' (செக் மொழியில் காலணிகள்) முடிந்து அடுத்தது 'சாயோவ்னா'. பெரியவர் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். மூன்று பேரும் நின்றபடியே கேட்டோம்.

'நோவா சிந்தேசா' பழைய தட்டு, ஓரம் கிழிந்த அட்டையோடு 700 கொருனா. கடைக்காரர் 600க்குக் கொடுத்தார். மழையில் நனையாமல் இருக்க இரண்டு பிளாஸ்டிக் பைகள் போட்டு, விளிம்புகளை ஒட்டித் தந்தார்.

10 அக்டோபர், வியாழன்

காய்ச்சல். வெளியே போகவில்லை. வீட்டு அம்மா எலுமிச்சையும் தேனும் போட்ட கறுப்புத் தேநீர் கொடுத்துக்கொண்டே இருந்தார். இந்த ஊரில் பால் கேட்டால் தனியாக ஒரு சின்னக் குப்பியில் வருகிறது.

சாயங்காலம் உடம்பு கொஞ்சம் தேறியதும், பக்கத்துத் தெருவிலிருந்த தேநீர் விடுதிவரை நடந்தேன். 1989இல் கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்த பிறகு இப்படிப்பட்ட தேநீர் விடுதிகள் செக் ஊர்களில் நிறையப் பெருகின. தரையில் மெத்தை, தாழ்ந்த மேசை, மங்கிய விளக்கு. மேசையிலுள்ள சின்ன மணியை ஆட்டினால் ஆள் வருவார். டார்ஜீலிங், அசாம், நீலகிரி என்று பக்கம் பக்கமாகப் பட்டியல். நீலகிரித் தேநீர் ஒரு குடுவை 95 கொருனா. மணம் சரியாக இருந்தது.

'சாயோவ்னா' என்றால் தேநீர் விடுதி. நேற்று நின்றபடி கேட்டதை இன்று உட்கார்ந்து கேட்டேன். மெலிதாக, அவசரமே இல்லாமல் தொடங்குகிறது. ஹ்லாடீக் ஒரு சுரத்தைத் தொட்டுவிட்டு அது தானாக அடங்கும்வரை அடுத்ததற்குப் போகமாட்டேன் என்று நிற்கும் இடங்கள் உண்டு. வேகமாக வாசிக்கத் தெரிந்தவர் அப்படிக் காத்திருப்பது எளிதில்லை. இவ்வளவு அமைதியான ஒன்றைக் கண்காணிப்பும் தேர்வுமாக இருந்த ஆண்டுகளில் ஒருவர் இயற்றியிருக்கிறார். அவர் இயற்றியவற்றில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

11 அக்டோபர், வெள்ளி

காய்ச்சல் இறங்கிவிட்டதால் திட்டமிட்டபடி ஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராட்டிஸ்லாவா. ஹ்லாடீக் குழுவின் 'ஸ்விதானியெ' தட்டை 1977இல் வெளியிட்ட ஓபுஸ் இசைத்தட்டு நிறுவனத்தின் ஊர் அது. நான்கு மணிநேரப் பயணம். எல்லைக்குச் சற்று முன்னால், வயல்வெளி நடுவில் ரயில் நின்றுவிட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அறிவிப்பு செக் மொழியில் மட்டும். எதிரே இருந்த பாட்டி தன் பையைத் திறந்து, நடுவில் கசகசாக் கூழ் வைத்த இனிப்பு ரொட்டிகளைப் பெட்டியில் இருந்த எல்லோருக்கும் ஒவ்வொன்றாகக் கொடுத்தார். வேண்டாம் என்று சொன்ன மாணவன் ஒருவனையும் விடவில்லை. அறிவிப்பு வரும்போதெல்லாம் அந்த மாணவன் எனக்கு ஆங்கிலத்தில் சொன்னான். முன்னால் போன ரயிலில் ஏதோ பழுதாம்.

காத்திருந்த நேரத்தில் 'ஸ்விதானியெ' முழுவதையும் கேட்டுவிட்டேன். செக் குழு, தட்டுக்கு ஸ்லோவாக் மொழியில் பெயர். கொலேகியும் மூசிகும் என்ற ஸ்லோவாக் குழுவில் பெயரெடுத்த ஃபெடோர் ஃப்ரெஷோ பேஸ் கித்தாருக்கு வந்து சேர்ந்திருந்தார். பனித்துளி விழுவதைப் பாடும் பழைய நாட்டுப்பாடல் ஒன்றும் இதில் இருக்கிறது. கடைசியில் வரும் தலைப்பு உருப்படி நீளமானது. ஓசையே இல்லாத அளவுக்குத் தாழ்ந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பெருகுகிறது. பொழுது புலர்வதைச் சொல்ல வந்த இசை இது. அந்த ஏற்றத்தைக் கித்தார் ஒன்றே செய்வதில்லை. ஃப்ரெஷோவின் பேஸும் விளாடோ செக்கின் டிரம்ஸும் கீழிருந்து தூக்கிக்கொடுக்கின்றன. ஹ்லாடீக்கைத் தனி வித்தகர் என்று மட்டும் நினைப்பவர்கள் இதைக் கேட்கவேண்டும். யாருக்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்று தெரிந்த இசையமைப்பாளரின் வேலை இது.

பிராட்டிஸ்லாவாவில் யூரோ. செலவு பிராகைவிடக் குறைவாகத் தெரியவில்லை. டான்யூப் கரையில் செப்டம்பர் வெள்ளம் விட்டுப்போன சேறு காய்ந்து, படிகளில் இன்னும் கோடுகோடாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் இரண்டு பேர் குழாய்வைத்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நல்ல வெயில், ஆனால் காற்று எலும்பைத் தொடுகிறது. பிரிண்ட்சோவே ஹலுஷ்கி சாப்பிட்டேன். உருளைக்கிழங்கு மாவில் செய்த சின்னச் சின்ன உருண்டைகள்மேல் செம்மறியாட்டுப்பால் பாலாடைக்கட்டி. வழக்கமாகப் பன்றிக்கொழுப்பை வறுத்து மேலே தூவுவார்கள். எனக்கு வேண்டாம் என்றதும், பரிமாறிய பெண் உள்ளே போய் வெங்காயத்தைப் பொன்னிறமாக வறுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். 9 யூரோ. அரைத் தட்டிலேயே வயிறு நிறைந்துவிட்டது.

திரும்பும் ரயில் சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தது.

12 அக்டோபர், சனி

கடைசி நாள். லெட்னா மேட்டில் ஏறினேன். ஒருகாலத்தில் ஸ்டாலினின் மாபெரும் சிலை நின்ற பீடத்தில், இப்போது ஒரு பிரம்மாண்டமான தாளமானி. 1991இல் வைத்தார்கள். நகரத்துக்கு மேலே அதன் சிவப்புக் கோல் இடமும் வலமுமாக மெதுவாக ஆடுகிறது. கீழே பையன்கள் சறுக்குப்பலகையில் விழுந்து எழுந்துகொண்டிருந்தார்கள். பின்னால் இருக்கும் பெரிய திடலில்தான் 1989 நவம்பரில் கம்யூனிஸ்ட் ஆட்சியை எதிர்த்து லட்சக்கணக்கான மக்கள் திரண்டார்கள். பதினோரு ஆண்டு நாடுகடந்து வாழ்ந்துவிட்டு அந்த வாரம்தான் திரும்பி வந்த யாரோஸ்லாவ் ஹுட்கா அந்தக் கூட்டத்தின் முன் நின்று பாடினார்.

ஹுட்காவை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கித்தாரோடு ஊர் ஊராகப் போய்ப் பாடியவர். மொராவிய நாட்டுப்பாடல்களைத் தேடியெடுத்து, தன் போக்கில் பாடினார். 1974இலும் 1976இலும் வந்த அவருடைய இரண்டு தட்டுகளிலும் பக்கத்தில் அமர்ந்து கித்தார் வாசித்தவர் ஹ்லாடீக். மேடை அதிர வாசிக்கும் ராக் கலைஞர், ஒரு நாட்டுப்பாடகரின் குரலுக்கு வழிவிட்டு, கம்பிகளைக் கிள்ளிக்கிள்ளி வாசித்திருக்கிறார். கொஞ்ச காலத்தில் ஹுட்கா உரிமைச் சாசனத்தில் கையெழுத்துப் போட்டார். நெருக்கடி தாங்காமல் 1978இல் நெதர்லாந்துக்குப் போய்விட்டார். ஹ்லாடீக் இங்கேயே இருந்தார். கடையில் அந்தப் பெரியவர் கேட்ட கேள்வி மூன்று நாளாக மனதில் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குத் தோன்றுவது இதுதான்: போனவரும் இருந்தவரும் ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து வாசித்தவர்கள். ஒருவரைத் தூக்கி நிறுத்த இன்னொருவரைக் கீழே இறக்கவேண்டியதில்லை. ஆள்கள் கிளம்பிப் போய்க்கொண்டே இருந்த ஊரில், யாராவது இருந்து வாசிக்கவும் வேண்டியிருந்தது. இருந்தவர்கள் கொடுத்த விலையை யாரும் பட்டியல் போட்டு வைக்கவில்லை, அவ்வளவுதான்.

மாலையில் வீட்டு அம்மாவும் அவருடைய மகனும் என்னை ஷிஷ்கோவில் அவர்கள் வழக்கமாகப் போகும் மதுக்கடைக்கு அழைத்துப் போனார்கள். இங்கே வந்து அமர்ந்ததும் கேட்காமலே பியர் வருகிறது. எத்தனை என்று மேசையில் வைத்த ஒரு துண்டுச் சீட்டில் கோடு போட்டுக்கொண்டே போகிறார்கள். குடிக்காதவர்களுக்குக் கொஃபோலா உண்டு. மூலிகை வாசனையடிக்கும் கறுப்புப் பானம், 45 கொருனா. எனக்கு அதுவே போதும் என்றிருந்தது. வறுத்த பாலாடைக்கட்டியும் உருளைக்கிழங்கும் சொன்னோம். கத்தி வைத்ததும் உள்ளேயிருந்து சூடாக வழிந்தது.

மகன் ஐம்பதை ஒட்டியவர். ஹ்லாடீக்கை நேரில் கேட்டிருக்கிறார், அதுவும் பின்னாளில். நீண்டநாள் தூணாக இருந்த டிரம்ஸ் கலைஞர் விளாடோ செக் 1986இல் இறந்துபோனார். கொஞ்ச காலத்தில் குழுவும் கலைந்தது. ஹ்லாடீக் மற்றவர்களின் தட்டுகளுக்கும் கச்சேரிகளுக்கும் வாசித்துக்கொண்டிருந்தார். 2004இல், தன்னைவிட வயதில் மிகக் குறைந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு, ப்ளூ எஃபெக்ட் என்ற பழைய பெயரிலேயே மறுபடி மேடையேறினார். மகன் கேட்டது அந்தக் குழுவைத்தான். "முன்னால் என் அப்பா வயசு ஆள்கள். எனக்குப் பின்னால் பள்ளிக்கூடப் பையன்கள். 'சாயோவ்னா' தொடங்கினதும் எல்லாரும் பேச்சை நிறுத்திட்டாங்க" என்றார். அது எந்த ஊர் என்று அம்மாவும் மகனும் வாக்குவாதம் செய்துகொண்டார்கள், முடிவுக்கு வரவில்லை.

2016 டிசம்பர் 4இல் ஹ்லாடீக் இறந்தார். எழுபதாவது பிறந்தநாளுக்கு ஒன்பது நாள் இருந்தது.

பக்கத்து மேசைக்காரர்களும் எங்கள் பேச்சில் சேர்ந்துகொண்டார்கள். எந்தத் தட்டு சிறந்தது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். வீட்டு அம்மாவுக்கு மிஷீக் பாடிய 'ஸ்லுனெச்னீ ஹ்ரோப்' தவிர வேறெதுவும் வேண்டாம். அதைப் பாடியும் காட்டினார். மூன்று மேசைகள் சேர்ந்து பாடின. மகனுக்கு 1979இன் 'ஸ்வியெட் ஹ்லெடாச்சூ'. பேஸ் கித்தாரே இல்லாமல், செமெல்காவும் ஓல்ட்ஷிஹ் வெசெலியும் விசைப்பலகைகளில் அமர்ந்த தட்டு அது. 1981இல் வந்த '33'க்கு ஆதரவாக ஒரே ஒருவர்தான் பேசினார். எனக்கும் அதில் மனம் அவ்வளவாக ஒட்டவில்லை, ஒலி கொஞ்சம் இறுகிப்போயிருக்கிறது.

புதிதாகக் கேட்கப் போகிறவர்களுக்கு என் வரிசை: முதலில் 'சாயோவ்னா'. அது பிடித்தால் 'ஸ்விதானியெ' தட்டை முழுதாக, இடையில் நிறுத்தாமல். பிறகு 'நோவா சிந்தேசா'வை நல்ல ஒலிபெருக்கியில், பக்கத்து வீட்டுக்காரர்கள் இல்லாத நேரமாகப் பார்த்து. 'கோனியுங்க்சியோ'வுக்குப் பொறுமை வேண்டும், அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.